எள்ளலுக்கு ஒரு முன்னுரை

பங்க் என்ற கலக ராக் இசை பாடும் அமெரிக்கக் குழுவான டெட் கென்னடிஸின் ‘கில் த புவர்’ பாட்டை எங்கள் வானொலியில் ஒலிபரப்பும் முன் சிறு விளக்கம் படிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, நிகழ்ச்சியைத் தயாரித்த இளம் பெண் வாதாடவில்லை. “விளக்கிவிட்ட பிறகு அது எள்ளலாக இருக்குமா, சார்?” என்று மட்டும் கேட்டார். “கேட்பவர்கள் எல்லோரும் உங்களைப் போலக் கேட்பதில்லை” என்றேன். சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

என் பக்கமும் நியாயம் இருந்தது. 1980இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பு இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. கட்டடங்களை விட்டுவிட்டு மனிதர்களைக் கதிர்வீச்சால் கொல்லும் என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்ட நியூட்ரான் குண்டை, சேரிகளும் உதவித்தொகைச் செலவும் ஒருங்கே ஒழிய வழி பிறந்ததென்று கொண்டாடும் மேல்தட்டுக் குரலில் ஜெல்லோ பியாஃப்ரா பாடுகிறார். தலைப்பே ஏழைகளைக் கொல்லச் சொல்கிறது. பாதியில் வானொலியைத் திறப்பவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு? (பாதியில் திறப்பவருக்கு என் விளக்கமும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.) பங்க் கச்சேரிகளில் முரடர்கள் சேரத் தொடங்கியபின், இதே குழு 1981இல் நாஜிச் சாய்வுள்ள பங்க் ரசிகர்களை நேரடியாகவே வைது ஒரு பாட்டு வெளியிட்டது. எள்ளலில் தேர்ந்தவர்களே ஒரு கட்டத்தில் பச்சையாகப் பேச வேண்டியிருந்தது என்று அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வேன். அது தனிப் பாட்டு, பழைய பாட்டுக்கு எழுதிய முன்னுரை அல்ல என்று அந்தத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்.

என்னை உறுத்துவது விளக்கம் கொடுத்ததைவிட அதில் இருந்த வாசகம்தான். இது அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேலி செய்யும் பாட்டு என்று எழுதினேன். பாட்டிலோ, போர் எதிர்ப்புக்குப் பெயர்போன நடிகை ஜேன் ஃபோண்டா திரையில் தோன்றி, இதில் தவறில்லை என்று தாராளவாதிகளை நம்பவைக்கிறார். கேலி அங்கே நல்லெண்ணக்காரர்கள் பக்கம் திரும்புகிறது. நேரம் போதாமல் அதை விட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நேரம் இருந்திருந்தாலும், எங்களைப் போன்றவர்களையும் இது குத்துகிறது என்று எங்கள் நிலையத்தின் குரலிலேயே சொல்ல நான் இசைந்திருப்பேனா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

மறுமுறை இந்தப் பாட்டு வந்தால் முன்னுரையை அந்தத் தயாரிப்பாளரையே எழுதச் சொல்லலாம். அவர் குழுவின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதித் தந்தால் அதற்கு ஒப்புதல் கொடுப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.