கராத்தே கிளாஸுக்கு மாசம் எவ்வளவு வாங்குற?

புதுசா கிளாஸ் தொடங்குற தம்பிமாருக்கு நான் முதல்ல சொல்றது, பக்கத்து ஊர்ல எவ்வளவு வாங்குறாங்க எண்டு விசாரிச்சு அதுல இருநூறு ரூபா குறைச்சுப் போடாதீங்க எண்டுதான். இஞ்ச மட்டக்களப்புல கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான் தொடங்குறாங்க, ஒரு வருசம் போகும், மறுகா மண்டப வாடகைக்கே காசு காணாது, அப்ப கை தானா கிரேடிங் (பெல்ட் மாத்துற பரீட்சை) காசுப் பக்கம் போகும். அதுலதான் எல்லாக் கரைச்சலும் தொடங்குது.

முதல்ல செலவ எழுதுங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றன், உங்கட ஊர்க்கணக்கு வேறயா இருக்கலாம். ஆர்.டி.எஸ் (கிராம அபிவிருத்திச் சங்கம்) கட்டடம் ஒண்டு கிழமையில மூணு நாள் பின்னேரம் எடுத்தா மாசம் 8,000. கரண்ட் 3,500, ஆறு மணிக்குப் பிறகு லைட்டும் ஃபேனும் இல்லாம நம்மட ஊர்ப் புழுக்கத்துல புள்ளைகள் நிக்க ஏலா. உதவிக்கு நிக்கிற பிளாக் பெல்ட் தங்கச்சிக்கு 8,000 (பொம்புளப் புள்ளைகள் வாற கிளாஸுல ஒரு பொம்புள மாஸ்டர் கட்டாயம் வேணும், அது சும்மா வந்து நில்லு எண்டு கேக்கிற வேலை இல்ல). பெற்றோல் 6,000. மேட், பேட், கையுறை இதெல்லாம் பழுதாப் போறதுக்கும், கிரேடிங் செலவுக்கும் சேத்து மாசம் 4,500 ஒதுக்கணும். எல்லாம் கூட்டினா 30,000. இதுல உங்கட சம்பளம் இன்னும் வரல்ல. அதுக்கு 20,000 போடுங்க, அது ஒரு மேசன ஒரு கிழமைக்குப் பிடிச்சா போற காசுதான், பேராசை எண்டு ஆரும் சொல்ல ஏலா. ஆக மொத்தம் 50,000.

இப்ப 40 புள்ளைகள் பேர் பதிஞ்சிருக்கு எண்டு வைங்க. 50,000ஐ 40ஆல பிரிச்சா 1,250, சரி 1,250 எண்டு போட்டுருவம் எண்டு நினைப்பீங்க. அந்த 40 பேரும் மாசாமாசம் காசு கட்டப்போற ஆக்கள் இல்லயே.

நம்மட மாவட்டத்துல ஒரு வருசம் எப்பிடிப் போகுது எண்டு பாருங்க. கார்த்திகை மார்கழியில மழை, வெள்ளம் வந்தா வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கத்துப் புள்ளைகள் வரவே ஏலா, ஆத்தால வாறதா றோட்டால வாறதா எண்டே தெரியாது. ஐஞ்சாம் ஆண்டு ஸ்காலர்ஷிப் நெருங்கினா அந்த வயசுப் புள்ளைகள் ஒரேயடியா நிண்டுருவாங்க, ஓ.எல் காரங்களும் அப்பிடித்தான். நோன்பு மாசத்துல காத்தான்குடிப் புள்ளைகளுக்குப் பின்னேரக் கிளாஸ் சரிவராது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில்ல திருவிழா எண்டா அந்தப் பத்து நாளும் கிளாஸுல நானும் சுவரும்தான். வெள்ளாமைக் குடும்பங்களுக்கு அறுவடை முடிஞ்சாத்தான் கையில காசு புழங்கும், மாரி வெள்ளாமை எண்டா மாசி பங்குனியில. அதுக்கு முந்தி கேட்டா பாவம் அந்த மனுசன் எங்க போவார். இதோட நாலு பேருக்கு ஃப்ரீ கார்ட் (காசே இல்ல), அண்ணன் தம்பியா வாறதுல ரெண்டாவது ஆளுக்கு ஹாஃப் கார்ட் (அரைக்காசு). எல்லாம் கழிச்சுப் பாத்தா 40 பேர்ல 28 பேர் முழுசாக் கட்டுற அளவு காசுதான் கைக்கு வரும். இப்ப 50,000ஐ 28ஆல பிரிங்க. 1,786. அதால 1,800.

1,250க்கும் 1,800க்கும் இடையில இருக்கிற அந்த 550 ரூபாயத்தான் பலபேர் கணக்குல எடுக்காம விட்டுட்டு, பிறகு பெற்றாருக்கிட்ட வேற வேற பேர்ல வாங்குறாங்க.

ஒரு இடத்துல மாசம் 1,000தான், மலிவு எண்டு எல்லாரும் ஓடினாங்க. சேரும்போது பதிவு 2,500. வருசத்துக்கு உறுப்பினர் காசு 1,500. கிரேடிங் ஒண்டுக்கு 3,500, வருசத்துல மூணு தரம் கட்டாயம், வராட்டி புள்ளய பின்வரிசையில போட்டுருவாங்க. கூட்டிப் பாருங்க: 12,000, 2,500, 1,500, 10,500. மொத்தம் 26,500. இதுல உடுப்புக் காசு சேரல்ல, அதையும் அவங்கக்கிட்டத்தான் வாங்கணுமாம். எல்லாத்தையும் உள்ளுக்க போட்டு மாசம் 1,800 வாங்குற இடத்துல வருசத்துக்கு 21,600. அப்ப எது மலிவு? தாய் தகப்பன் சேக்க வரும்போது "மாசம் எவ்வளவு மாஸ்டர்" எண்டுதான் கேப்பாங்க, வருசம் முழுக்க எவ்வளவு எண்டு கேக்கிற ஆள நான் அபூர்வமாத்தான் கண்டிருக்கன். கேக்காட்டியும் நாமளே சொல்லணும்.

கிரேடிங் காசே வாங்கக்கூடாது எண்டு நான் சொல்லல்ல. பெல்ட், சேர்ட்டிபிகேட் அடிக்கிற செலவு, வெளியில இருந்து பரீட்சகர் வந்தா அவருட போக்குவரத்து, இது உண்மையான செலவு, நான் அத மாசக்காசுக்குள்ளயே போட்டுருவன். பிளாக் பெல்ட் மட்டும் வேற, அந்தச் சேர்ட்டிபிகேட் நம்மட ஸ்டைலுட தலைமையால வாறது, அதுக்குப் போற காச முதல்லயே தாள்ல எழுதிக் குடுத்துருவன். நான் சொல்றது கிரேடிங்க வருமானமா நம்பினா என்ன நடக்கும் எண்டு. காசுக்காக நடத்துற கிரேடிங்குல ஆரையும் பெயில் ஆக்க ஏலா, ஆக்கினா அடுத்த தரம் வரமாட்டான். அப்பிடியே கட்டாவ (வரிசையாச் செய்து காட்டுற அசைவுகள) பாதி மறந்த புள்ளயும் பிரவுண் பெல்ட்டோட நிக்கும். கராத்தேல முதல் டான் கிரேடே (பிளாக் பெல்ட்டுத் தரம்), கராத்தேய ஜப்பான் முழுக்கப் பரப்பின ஒகினாவா மாஸ்டர் ஃபுனகோஷி 1924லதான் குடுத்தார், அதுக்கு முந்தி கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவுல தலைமுறை தலைமுறையா பெல்ட் இல்லாமத்தான் பழகினாங்க. டான் எண்டுற முறையே ஜூடோவுல இருந்து வந்தது, ஜூடோவ உருவாக்கின கானோ 1883ல குடுக்கத் தொடங்கினது.

"கலைய விக்கிறீங்களா மாஸ்டர்" எண்டு கேக்கிற ஆக்கள் இருக்காங்க. பெரும்பாலும் அவங்கட புள்ள கிளாஸுக்கே வாறதில்ல. அவங்க எடுத்துக்காட்டுறது ஊர்ல கூத்துப் பழக்கிற அண்ணாவியார, அவர் மாசக்காசா வாங்கினார் எண்டு. சரிதான், கூத்து வடமோடியோ தென்மோடியோ எந்த வகையா இருந்தாலும், அண்ணாவியார வச்சுப் பழகிற ஊர் அவருக்குச் சாப்பாடு போட்டு, அரங்கேற்றத்துல வேட்டி சால்வை, காசு எல்லாம் வச்சு மரியாதை செய்யும். ஒரு ஊரே பொறுப்பெடுத்தது அது. இப்ப கராத்தே மாஸ்டர ஆர் பொறுப்பெடுக்கிறாங்க? 1922ல டோக்கியோவுக்குப் போன ஃபுனகோஷி கூட, ஒகினாவா மாணவர் விடுதியில கூட்டித் துடைச்சு, காவல் பாத்துத்தான் அங்க நிண்டு பழக்கினார். அவர் செய்தது பெரிய விசயம், அதுக்காக நாமளும் பட்டினி கிடந்துதான் பழக்கணும் எண்டு சட்டம் இல்லயே.

இன்னொண்டும் இருக்கு, சுனாமிக்குப் பிறகு இஞ்ச என்.ஜி.ஓ காரங்க எல்லாத்தையும் ஃப்ரீயாக் குடுத்துப் பழக்கிட்டாங்க, பயிற்சிக்குப் போனா பஸ் காசும் சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கும். அந்தப் பழக்கம் இன்னும் முழுசாப் போகல்ல. குறையாச் சொல்லல்ல, அந்த நேரம் அது தேவைப்பட்டுச்சு.

ஃப்ரீ கார்ட் விசயத்துல எனக்கு ரெண்டு பிடிவாதம். காசு கட்டாத புள்ளைகளுட பேர வரிசையில நிக்க வச்சு வாசிக்கவே கூடாது, தாய்க்கோ தகப்பனுக்கோ தனியா ஒரு மெசேஜ் போதும். மற்றது, ஃப்ரீயா வாற புள்ளைக்குக் கூட்டுற வேலை, மேட் அடுக்கிற வேலை எண்டு குடுக்கிறது. அத நான் அடியோட விரும்பல்ல. மண்டபம் கூட்டுறது எல்லாருட வேலை, டொக்டருட மகனும் கூட்டணும், இல்லாட்டி ஆரும் கூட்ட வேணாம். எத்தன பேருக்கு ஃப்ரீ எண்டுறதையும் வருசத் தொடக்கத்துலயே முடிவெடுங்க, 40க்கு நாலு எண்டா நாலுதான். மனசு இளகி இளகி பத்தாக்கினா, மிச்சம் 30 பேர் தலையில அந்தக் காசு போய் விழும்.

"புள்ள ரெண்டு நாள்தானே வந்தான் மாஸ்டர், அரைவாசி எடுங்களன்" எண்டு கேக்கிற அக்காமாருக்கு என்ன சொல்றது? நான் சொல்றது, புள்ள வராட்டியும் மண்டபக்காரர் வாடகை குறைக்கமாட்டார் அக்கா எண்டு. ஆனா நாங்க கிளாஸ் வைக்காம விட்டா, வெள்ளமோ மண்டபத்துல கலியாணமோ எதுவா இருந்தாலும், ரெண்டு கிழமைக்கு மேல போனா அந்த மாசம் அரைக்காசுதான். இத ரெண்டு பக்கமும் முதல் நாளே பேசி வச்சா பிறகு முகம் முறிக்கத் தேவல்ல. பரீட்சைக்கு நிக்கிற புள்ள முதல்லயே சொல்லிட்டு நிண்டா அந்த மாசங்களுக்குக் காசு இல்ல, திரும்பி வரும்போது பதிவுக் காசும் இல்ல.

காசு கேக்கிற திகதியும் முக்கியம். கூடின பேர் அரசாங்க உத்தியோகம், சம்பளம் இருபத்தஞ்சுல வரும், ஒண்டாம் திகதியில இருந்து அஞ்சுக்குள்ள கேட்டுரணும், பதினைஞ்சுல கேட்டா கிடைக்காது. வெள்ளாமைக்காரர் மூணு மாசக் காச அறுவடையில சேத்துத் தாறன் எண்டா நான் ஓம் எண்டுருவன், இதுவரைக்கும் ஆரும் ஏமாத்தினதில்ல.

மாசக்காச கூட்டுறதா இருந்தா ஜனவரியில மட்டும் கூட்டுங்க, அதுவும் கார்த்திகையிலயே சொல்லிப்போட்டு. 2022 ஆகஸ்ட்ல கரண்ட் கட்டணத்த சராசரியா 75 வீதம் கூட்டினாங்க, அடுத்த பெப்ரவரியில திரும்ப 66 வீதம், அந்த நேரம் நடுவருசத்துல கூட்டாம ஆராலயும் இருக்க ஏலாமப் போச்சு. அப்பிடி வந்தா பில்ல கொண்டுபோய் பெற்றார் கூட்டத்துல மேசையில வைங்க. பழைய பில்லையும் பக்கத்துல வைங்க.