பை பையாக இரத்தம் ஏறும்போது கால்சியம் மறந்தால்

கடும் காயத்தில் இரத்தம் கொட்டுகிறவருக்குப் பை மாட்டுவது பெரிய வேலையில்லை. தப்பெல்லாம் அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடக்கும். 14 அல்லது 16 கேஜில் இரண்டு கேனுலா (நரம்பில் போடும் தடித்த ஊசிக்குழாய்) போட்டதும் குரூப் பார்க்க மாதிரி எடுத்துவிட வேண்டும். குரூப் தெரியும்வரை கொடுக்கும் ஓ வகை இரத்தம் நிறைய ஏறிய பிறகு எடுத்தால் நோயாளியின் சொந்த வகை குழம்பும். குழாயில் பெயரைப் படுக்கையருகிலேயே எழுதுங்கள். ஆளை மாற்றி இரத்தம் ஏறுவது பெரும்பாலும் பேனாவில்தான் தொடங்குகிறது.

ஹீமோகுளோபினுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் அது சரியாகவே காட்டும். துளைத்த காயம், சிஸ்டாலிக் (இரத்த அழுத்தத்தின் மேல் எண்) 90 அல்லது அதற்குக் கீழே, நாடி 120 அல்லது அதற்கு மேலே, ஸ்கேனில் வயிற்றுக்குள் இரத்தம்: நான்கில் இரண்டு இருந்தாலே இரத்த வங்கிக்குப் போன் போக வேண்டும். உறைதலுக்கு வேண்டிய புரதங்கள் பிளாஸ்மாவில்தான் உள்ளன. ஃப்ரீசரில் வைத்த பிளாஸ்மா 37 டிகிரியில் உருக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். தாமதமாகக் கேட்டால் சிவப்பணு மட்டுமே ஏறும், இரத்தம் உறையாது.

சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் (தட்டணு) மூன்றையும் 1:1:1 என்று சம விகிதத்தில் ஏற்றுவார்கள். அதாவது ஆறு பை சிவப்பணு, ஆறு பை பிளாஸ்மா; பிளேட்லெட் அஃபெரிசிஸ் முறையில் (ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரத்தால்) எடுத்தது என்றால் ஒரே பை போதும். இங்கே பலர் கணக்கில் தடுக்கி விழுவார்கள். 2015இல் வெளியான ப்ராப்பர் (PROPPR) ஆய்வில், சிவப்பணுவை இரு மடங்காக ஏற்றும் முறையோடு ஒப்பிட்டபோது இந்த விகிதம் மொத்த இறப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. முதல் 24 மணி நேரத்தில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள்தான் குறைவு. போர்க்களத்தில் இந்தக் கணக்கே எழாமல் இருக்க, எதிர்ப்பொருள் அளவு குறைந்த ஓ வகை முழு இரத்தத்தை (கூறுகளாகப் பிரிக்காதது) அமெரிக்க ராணுவம் விரும்புகிறது. கையிருப்பு தீர்ந்தால் முன்பே பரிசோதித்து வைத்த வீரர்களிடமிருந்தே எடுத்து ஏற்றுவார்கள்.

அதிகம் மறக்கப்படுவது கால்சியம். பையில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவரால் சிட்ரேட்டைச் சீக்கிரம் கரைக்க முடியாது. கால்சியம் குறைந்தால் அழுத்தம் ஏறாது, இரத்தம் உறையாது. காரணம் புரியாமல் மேலும் ஒரு பை கேட்பார்கள். 10% கால்சியம் குளோரைடு 10 மில்லி கொடுங்கள். குளுக்கோனேட் மட்டும் இருந்தால் 30 மில்லி வேண்டும். இரத்தம் போகும் அதே குழாயில் கொடுத்தால் கட்டி தட்டும், வேறு குழாய் வேண்டும். ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் இருப்பதால் இரத்தத்தோடு அது கூடாது, நார்மல் சலைன் மட்டுமே.

சிவப்பணு 2–6 டிகிரி குளிரில் வருவது. வார்மர் (இரத்தத்தைச் சூடாக்கும் கருவி) இல்லாமல் வேகமாக ஏற்றினால் உடல் குளிர்ந்து உறைதல் இன்னும் கெடும். பிளேட்லெட்டை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்.

உறைந்த இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில், காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள். அதன்பின் 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். மூன்று மணி நேரம் தாண்டித் தொடங்கினால் கெடுதல்.