நேபோ மலையில் வாசித்த இருபத்தாறாம் அதிகாரம்

வேதத்தில் இஸ்ரவேல் கோத்திரங்களைத் தலை எண்ணிய கணக்கைச் சொல்லும் எண்ணாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரத்தை, அது நடந்த நிலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்ற ஆசை, என் தகப்பனார் காலமான பிறகு எனக்குள் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் உள்ள எங்கள் சிற்றூர்ச் சபையில், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் பொறுப்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரிடம் இருந்தது. வீடு வீடாகச் சென்று பெயர் எழுதிக்கொண்ட அந்த நீள நோட்டு இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாலைக் குடும்ப ஜெபத்தில் வேதத்தை வரிசையாக வாசித்து வரும்போது, வம்ச அட்டவணைகள் வரும் அதிகாரங்களைத் தாண்டிச் செல்ல அவர் எங்களை ஒருநாளும் அனுமதித்ததில்லை. "எழுதினவர் ஒரு பேரையும் விடவில்லை, வாசிக்கிற நாம் ஏன் விட வேண்டும்" என்பார். ஆகவே சபையார் சிலரோடு பரிசுத்த தேசப் பயணம் போக வாய்ப்பு வந்தபோது, எல்லாரும் பெத்லெகேமையும் கல்வாரியையும் நினைத்துக்கொண்டு புறப்பட, நான் அவற்றோடு அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட மோவாபின் சமவெளியையும் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நான்கு நாட்கள் எருசலேமிலும் அதைச் சுற்றிலும் கழிந்தன. ஒலிவ மலையில் நின்று பழைய நகரத்தைப் பார்த்தபோது, பாறைக் குவிமாடத்தின் பொன்னிறக் கூரை காலை வெயிலில் ஒளிர்ந்தது. அந்த மேட்டைத்தான் மோரியா மலை என்றும், எபூசியனாகிய அர்வனாவின் போரடிக்கிற களம் இருந்த இடம் என்றும் மரபு சொல்லுகிறது. சாலொமோன் ஆலயம் கட்டியது அந்தக் களத்தின்மேல்தான் என்று நாளாகமம் கூறுகிறது. அந்தக் களம் தாவீதின் கைக்கு வந்ததற்குக் காரணமே ஒரு குடிக்கணக்கெடுப்பு என்பதை, மேற்கு மதிலில் கைவைத்து ஜெபிக்கும் எத்தனையோ பேர் நினைப்பதில்லை. படைத்தலைவன் யோவாப் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா மட்டும் பட்டயம் உருவத்தக்க மனிதரை எண்ணிவரும்படி தாவீது அவனை அனுப்பினான். யோர்தானைக் கடந்து ஆரோவேரில் பாளயமிறங்கித் தொடங்கிய அந்தச் சுற்று முடிய ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆயிற்று. இஸ்ரவேலில் 8,00,000 பேர், யூதாவில் 5,00,000 பேர் என்பது சாமுவேல் புத்தகத்தின் கணக்கு. நாளாகமமோ 11,00,000 என்றும் 4,70,000 என்றும் சொல்லி, லேவியையும் பென்யமீனையும் யோவாப் எண்ணவேயில்லை, ராஜாவின் கட்டளை அவனுக்கு அருவருப்பாயிருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் மடிந்தார்கள். வாதை நின்ற இடத்தில் பலிபீடம் கட்டத்தான் தாவீது அந்தக் களத்தை விலைக்கு வாங்கினான்.

மோசேயின் காலத்தில் கர்த்தரே எண்ணச் சொன்னார். தாவீது எண்ணியபோது ஏன் தண்டித்தார்? இந்தக் கேள்வியை நான் பல போதகர்களிடம் கேட்டிருக்கிறேன். எனக்குச் சரியாகப் படும் விடை யாத்திராகமத்தின் முப்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜனங்களை எண்ணும்போது, அவர்களுக்குள் வாதை வராதபடிக்கு, எண்ணப்படுகிற ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவுக்காக, சேக்கல் என்னும் எடையில் பாதியான அரைச் சேக்கல் வெள்ளியைக் கர்த்தருக்குக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும். செல்வன் கூட்டிக் கொடுக்கவும் ஏழை குறைத்துக் கொடுக்கவும் கூடாது. எண்ணப்படுகிறவன் ராஜாவுக்குச் சொந்தமானவன் அல்லன் என்பதற்கு அந்தக் காசே சாட்சி. தாவீதின் கணக்கில் அந்தக் காணிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வனாந்தரத்தில் அந்த வெள்ளி என்ன ஆயிற்று என்பதை யாத்திராகமம் முப்பத்தெட்டாம் அதிகாரம் கணக்கப்பிள்ளையின் துல்லியத்தோடு சொல்லுகிறது. இருபது வயது முதற்கொண்டு எண்ணப்பட்ட 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் கொடுக்க, நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் சேர்ந்தன. ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் ஒரு காசும் பிசகாது. பயணத்துக்கு முந்தின இரவு நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த நூறு தாலந்தை உருக்கி, வனாந்தரத்தில் ஆராதனைக்கென்று அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளையும் திரைச்சீலையின் தூண்களையும் தாங்கும் நூறு வெள்ளிப் பாதங்களை வார்த்தார்கள். உள்ளே பொன் தகடு போர்த்த பலகைகள் நின்றன. அவற்றைத் தாங்கி நின்றதோ, பணக்காரனும் பரம ஏழையும் ஒரே அளவில் கொடுத்த தலைக்காசு. மேற்கு மதிலுக்கு அருகே தோண்டியெடுத்த மண்ணைச் சலித்தபோது, முதல் ஆலயக் காலத்தைச் சேர்ந்த சிறிய எடைக்கல் ஒன்று கிடைத்ததாக 2018-இல் செய்தி வந்தது. அரைச் சேக்கலைக் குறிக்கும் 'பெக்கா' என்னும் சொல் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பொறித்தவர் எழுத்துகளை வலமிடம் மாற்றி எழுதிவிட்டார். அந்தக் கை யாருடையதோ, அது எனக்கு மிகவும் அருகில் இருப்பதாகத் தோன்றியது.

ஐந்தாம் நாள் எரிகோ வழியாக யோர்தான் நதியின் பாலத்தைக் கடந்து, மாதபா நகருக்குப் போனோம். வேதத்தில் மேதெபா என்று வரும் ஊர் இதுதான். அங்குள்ள புனித ஜார்ஜ் ஆலயம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாருடையது. அதன் தரையில், ஆறாம் நூற்றாண்டில் சிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த பரிசுத்த தேசத்தின் வரைபடம் இருக்கிறது. பாதிக்கு மேல் அழிந்துபோனாலும், மீந்திருப்பதே ஒரு மணி நேரம் குனிந்து பார்க்கப் போதும். பேரீச்ச மரங்களுக்கு நடுவே எரிகோ. உப்புக்கடலை நெருங்கிய மீன் ஒன்று அஞ்சித் திரும்பி நதியிலேயே மேல்நோக்கி நீந்துகிறது. எல்லாரும் அந்த மீனைத்தான் படம் பிடித்தார்கள். நானோ இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயர்களைத் தேடினேன். தாணின் பங்கு என்று ஓரிடத்தில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. பென்யமீனின் பெயரோடு மோசே அவனுக்குச் சொன்ன ஆசீர்வாதமும் இருக்கிறது. கோத்திரங்களுக்குச் சீட்டுப்போட்டு நிலம் பங்கிட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்பும், இந்தக் கலைஞர்கள் தேசத்தை வரைந்தபோது கோத்திரங்களின் பெயரை விட்டுவிட மனம் கொள்ளவில்லை.

மோசே வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்துவிட்டு மரித்த நேபோ மலை, மாதபாவிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். பேருந்தில் எங்கள் சபைப் போதகரான ஐயரவர்கள் இஸ்ரவேலின் குல அமைப்பை எளிமையாக விளக்கிக்கொண்டு வந்தார். பெரிய வட்டம் கோத்திரம். அதற்குள் வம்சம், எபிரெயத்தில் மிஷ்பாகா. அதற்குள் பிதாவின் வீடு, அதாவது பேத் ஆப். கடைசியில் தனி மனிதன். எரிகோவில் விலக்கப்பட்டதைத் திருடிய ஆகானை யோசுவா கண்டுபிடித்தது இந்தப் படிகளில் இறங்கித்தான்: யூதா கோத்திரம், சேராகின் வம்சம், சப்தியின் வீடு, பின்பு ஆகான். ஒருவனை எண்ணுவது என்றால் இந்த நான்கு வட்டங்களுக்குள்ளும் அவன் நிற்கும் இடத்தைச் சொல்வது. எலெப் என்ற எபிரெயச் சொல்லுக்கு ஆயிரம் என்றும், குலப் பிரிவு அல்லது படைப்பிரிவு என்றும் பொருள் உண்டு என்பதால், இந்தப் பெருந்தொகைகளை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் அறிஞர்களும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அது எனக்குத் தடையாக இல்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எண்ணாகமத்தில் தொகையேற்றுங்கள் என்று நாம் வாசிக்கும் இடத்தில், எபிரெய மூலத்தில் இருப்பது "தலையை உயர்த்துங்கள்" என்னும் தொடர். தலைக்கட்டு, தலைவரி என்று தலையை வைத்தே ஆளை எண்ணும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நேபோவின் சியாகா முகட்டில் பிரான்சிஸ்கன் துறவியர் காக்கும் மோசேயின் நினைவாலயம் இருக்கிறது. அவர்கள் 1932-இல் அந்த இடத்தை வாங்கி, அடுத்த ஆண்டு அகழாய்வைத் தொடங்கினார்கள். 530-ஆம் ஆண்டைச் சேர்ந்த கற்பதிவுத் தரை ஒன்று உள்ளே இருக்கிறது. அழகானதுதான், ஆனால் என் கால்கள் வெளியே இழுத்தன. சர்ப்பம் சுற்றிய சிலுவையின் அருகே நின்று மேற்கே பார்த்தால், நிலம் மடிப்பு மடிப்பாகச் சரிந்து பள்ளத்தாக்கில் இறங்குகிறது. இடப்பக்கம் உப்புக்கடல் மங்கிய தகடுபோல் கிடந்தது. நேர் கீழே நதிக்கு இப்பால் விரிந்திருந்தது மோவாபின் சமனான வெளி. அப்பால் ஒரு பச்சைக் கறையாக எரிகோ. அங்கே, அந்த வெளியில், வாதையில் 24,000 பேர் செத்துப்போன பிறகு, மோசேயும் ஆரோனின் குமாரன் எலெயாசாரும் மறுபடியும் எண்ணினார்கள். சீனாய் வனாந்தரத்தில் நடந்த முதல் எண்ணிக்கையில் மோசேயோடு நின்ற ஆரோன், ஓர் என்னும் மலையில் மரித்திருந்தான்.

நிழலில் எல்லாரையும் உட்காரவைத்து, அதிகாரத்தை நான் சத்தமாக வாசித்தேன். ரூபன் 43,730. சிமியோன் 22,200. முதல் எண்ணிக்கையில் சிமியோன் 59,300 என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும், 37,100 குறைவு. பாகால்பேயோர் என்னும் அந்நிய தேவனைப் பற்றிக்கொண்ட பாவத்தில் பினெகாசின் ஈட்டிக்கு இரையான சிம்ரி சிமியோனியரின் பிரபு என்பதை முந்தின அதிகாரம் சொல்லுகிறது. இந்தக் குறைவுக்கு அதுதான் காரணம் என்று வேதம் சொல்லவில்லை, நாமாகத்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். மனாசேயோ 32,200-இலிருந்து 52,700 ஆகப் பெருகியிருந்தது. தாணுக்கு சூகாமியர் என்ற ஒரே வம்சம்தான், ஆனாலும் 64,400 பேர். மொத்தம் 6,01,730, நாற்பது ஆண்டு வனாந்தரம் ஒரு தலைமுறை முழுவதையும் விழுங்கிய பின்பு, குறைந்தது வெறும் 1,820.

தொகைகளுக்கு நடுவே ஒரு சிறு வசனம் வருகிறது: கோராகின் குமாரர் சாகவில்லை. பூமி வாய்திறந்து விழுங்கிய கலகக்காரனின் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள் என்பதை எழுதியவர் நின்று குறித்துக்கொள்கிறார். அவர்கள் வழியில் வந்தவர்களின் பெயரால்தான், கர்த்தருடைய ஆலயப் பிராகாரங்களை வாஞ்சிக்கும் எண்பத்துநான்காம் சங்கீதம் நம்மிடம் இருக்கிறது. லேவியரின் கணக்கிலும் அப்படி ஒரு வசனம் உண்டு. அம்ராமின் மனைவி யோகெபேத், அவள் பெற்ற ஆரோன், மோசே, மிரியாம் என்று பெயர்கள் வரும். அத்தனை பேரையும் எண்ணிய மோசே யோர்தான் நதியைக் கடக்கப்போவதில்லை. ஆனால் அவருடைய தாயின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது.

மனாசேயின் வம்சத்தில் செலொப்பியாத் என்பவனுக்குக் குமாரர் இல்லை. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் எண்ணும் கணக்கில் அவன் வீடு அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பதிவேடு, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று அவன் குமாரத்திகள் ஐவரின் பெயரையும் எழுதுகிறது. அடுத்த அதிகாரத்தில் அவர்கள் கூடாரவாசலில் மோசேக்கு முன்பாக வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போகலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரியே என்று கர்த்தர் தீர்ப்பளித்தார். 1910-இல் சமாரியாவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் அகழாய்வில், திராட்சரசமும் எண்ணெயும் வந்த கணக்கை மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சரக்கு வந்த இடங்களாக அவற்றில் அபியேசர், ஏலேக், செமிதா என்று மனாசேயின் வம்சப் பெயர்களே இருக்கின்றன. நோவாளும் ஒக்லாளும் அங்கே ஊர்ப்பகுதிகளின் பெயராக நிற்கிறார்கள். தகப்பன் பெயர் அழியக் கூடாதென்று கேட்ட பெண்களின் பெயர், அரசாங்கத்தின் எண்ணெய்க் கணக்கிலே பல நூற்றாண்டு கழித்தும் வழங்கியிருக்கிறது. இதை நான் சொன்னபோது யாரும் பேசவில்லை.

வாசிப்பு முடிந்ததும் ஐயரவர்கள், ஒவ்வொருவரும் தங்கள் ஊரையும் தகப்பனார் பெயரையும் தங்கள் பெயரையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் இடையே காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. எங்களோடு வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் உண்டு. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. என் தகப்பனாரின் நோட்டிலே அவர்கள் வீடு பல ஆண்டுகளாக "இன்னார் மனைவி" என்றுதான் எழுதப்பட்டு வந்தது. அது என் தகப்பனாரின் கையெழுத்து என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாள் எழுந்து நின்று ஊரைச் சொன்னார்கள், தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். பிறகு, "அவங்களுக்கு ஆம்பளப்பிள்ள கிடையாது, நான் ஒருத்திதான்" என்று சொல்லித் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

பேருந்துக்குத் திரும்பி நடக்கும்போது என் கையைத் தொட்டு, "தம்பி, ஊருக்குப் போனா உங்க அப்பா நோட்டுல அப்படியே எழுதிருவியா?" என்று கேட்டார்கள். எழுதுகிறேன் அம்மா என்றேன். ஊருக்கு வந்த மறுநாள், அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்து, எங்கள் தெருவின் பக்கத்தில், முதலில் அவர்கள் தகப்பனாரின் பெயரையும் அதற்குக் கீழே அந்த அம்மாளின் பெயரையும் மையால் எழுதினேன்.