ஃபயர்வாலைத் துளைக்காமல் கேஜ் வயரிங் செய்த அனுபவம்

என் காரில் ஆயில் பிரஷருக்கும் கூலன்ட் வெப்பத்துக்கும் தனித்தனியாக கேஜ், அதாவது முள் வைத்த மீட்டர், வாங்கி மாட்டினேன். கேஜை டேஷ்போர்டில் பொருத்துவது சுலபம். எஞ்சின் பக்கத்திலிருந்து வயரை உள்ளே கொண்டுவருவதில்தான் வேலையே இருக்கிறது. நடுவில் நிற்கும் ஃபயர்வால் சூடு, புகை, சத்தம், தண்ணீர் எதையும் நம் காலடிக்கு வரவிடாமல் தடுக்கிற தகடு. வயர் உள்ளே வரவேண்டும், ஆனால் அந்தத் தடுப்பு கெடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

எலக்ட்ரிக் கேஜ் எடுத்ததும் இதற்காகத்தான். மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் என்றால் மெல்லிய குழாய் வழியாக ஆயிலே கேஜின் பின்பக்கம்வரை வரும். அது கசிந்தால் சூடான ஆயில் காருக்குள் கொட்டும். எலக்ட்ரிக்கில் சென்சார் எஞ்சினிலேயே நின்றுவிடும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வழி தேட ஆரம்பித்தேன். புதிதாகத் துளை போடுவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருந்தேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் ஹீட்டர் பெட்டியோ, பிரேக் பைப்போ, வேறு வயர் கட்டோ இருக்கலாம். போட்டே ஆகவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பார்த்து, துளையின் விளிம்பை மழுக்கி, பெயின்ட் அடித்து, வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் போட வேண்டும். வெறும் தகட்டில் உரசும் வயர், அதிர்வில் தோல் தேய்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

பெரும்பாலான கார்களில் துளைக்கத் தேவையே வராது. காரின் மெயின் வயர் கட்டான ஹார்னஸ் நுழையும் பெரிய குரோமெட், பானட் கேபிள் போகும் ஓட்டை, ஸ்டியரிங் மறுபக்கம் வரும் மாடலுக்காக விட்டு ரப்பர் மூடி போட்ட துளை என்று ஏதாவது ஒன்று இருக்கும். சத்தம் தடுக்கும் மெத்தை இவற்றை உள்பக்கம் மறைத்துவிடுகிறது. டார்ச் வெளிச்சத்தை நம்புவதைவிட, மெத்தைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது மேல். என் காரில் ஹார்னஸ் குரோமெட்டிலேயே நுனி மூடிய ஒரு சின்ன ரப்பர் குழல் கிடைத்தது. அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

அதன் நுனியை மட்டும் நறுக்கினேன். கூரான எதையும் கொண்டு ஹார்னஸ் கட்டின் நடுவே குத்தக்கூடாது, உள்ளே இருக்கும் வயர் ஒன்று கிழிந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. விறைப்பான கம்பியின் முனையில் டேப் சுற்றி அனுப்பி, மறுமுனையில் கேஜ் வயர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டினேன். ஒரே இடத்தில் கட்டினால் அங்கே முடிச்சுபோலத் தடித்துச் சிக்கிக்கொள்ளும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் பல வகை ரப்பரை உப்பவைக்கும். கனெக்டர் உறை நுழையாது. அதனால் வயர் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, டெர்மினல்களை (வயர் முனையில் இருக்கும் உலோகப் பின்களை) உறையிலிருந்து உருவிவிட்டு இழுத்தேன். வயரின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டியது அப்புறம் ரொம்ப உதவியது.

எஞ்சின் பக்கம் வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டு விலக்கிக் கட்டினேன். குரோமெட்டுக்கு முன்னால் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மீதி இடைவெளிக்கு சிலிகான். உள்ளே ஸ்டியரிங் ராட், பெடல் எதிலும் படவில்லை என்பதை, பெடல்களை முழுக்க மிதித்தும் ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பியும் பார்த்தேன். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரைத் தொடவே இல்லை. கரன்ட், இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுத்தேன்.

சென்சார் விஷயத்தில் ஒன்று. அமெரிக்க அளவான 1/8 என்.பி.டி. மரையில் அங்குலத்துக்கு 27 புரி, பிரிட்டிஷ் அளவான 1/8 பி.எஸ்.பி.டி.யில் 28. ஒன்றை மற்றொன்றில் மாட்டி, முதல் சில சுற்று ஏறுவதை நம்பி முறுக்கினால் மரை போய்விடும். ஒற்றை வயர் சென்சாருக்கு எஞ்சின் பாடிதான் எர்த் என்பதால் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றாமல், மல்டிமீட்டரில் எர்த் சரிபார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு உள்ளே கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் மேலே ஏறி, எஞ்சின் சூடாகச் சூடாக மெல்ல இறங்கியது. ஆயில் இளகும்போது அப்படித்தான் இறங்கும்.