கிளாஸ் டீச்சரா இருந்து கோஆர்டினேட்டர் ஆனப்போ எனக்கு உதவினது

சின்னப் பிள்ளைங்கள பாத்துக்கற டீச்சருக்கு லீடர்ஷிப்லாம் எதுக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. கேஜி பிரிவுக்கு கோஆர்டினேட்டரா இருங்கன்னு சொன்னப்போ என் கைக்கு வந்தது ஒரு டைம்டேபிள் மட்டும்தான், டீமை எப்படி நடத்தணும்னு யாரும் சொல்லித் தரல. இப்போ அந்த இடத்துல நிக்கறவங்களுக்கு யூஸ் ஆகட்டும்னுதான் எழுதுறேன்.

முதல்ல நான் எதையும் மாத்தல, கவனிச்சு எழுதினேன் அவ்ளோதான். இத்தாலியில ரெஜியோ எமிலியா பள்ளிகள்ல குழந்தைங்க பேசறது செய்யறத எல்லாம் குறிப்பா, போட்டோவா சேத்து வச்சு டீச்சர்ஸ் ஒண்ணா உக்காந்து அத வச்சுப் பேசுவாங்க, அந்தப் பழக்கத்த நாங்களும் எடுத்துக்கிட்டோம். ஒரே ஒரு ரூல், கண்ணால பாத்தத மட்டும் எழுதணும். ‘அடம் பிடிச்சான்’னு எழுதக் கூடாது, ‘பிளாக் கேட்டான், கிடைக்கல, தரையில உக்காந்து அழுதான்’னு எழுதணும்.

எல்லாரோட நோட்டையும் சேத்து வச்சுப் பாத்தா, சண்டை தள்ளுமுள்ளு பாதிக்கு மேல கை கழுவ லைன்ல நிக்கறப்போதான் நடக்குது! நாலு வயசுப் பிள்ளைய சும்மா நிக்க வச்சா அது என்னதான் பண்ணும். மொத்த கிளாஸையும் ஒரே நேரத்துல அனுப்பாம சின்னச் சின்னக் குழுவா அனுப்பலாம், மத்தவங்க பாட்டு பாடிட்டு இருக்கட்டும்னு ஐடியா சொன்னது எங்க ஹெல்பர் அக்கா, ஏன்னா தினமும் அந்தக் குழாய் பக்கத்துல நிக்கறது அவங்கதான். இதையே நான் ஆர்டரா போட்டிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க, அவங்கவங்க எழுதின நோட்டுல இருந்தே வந்ததால யாரையும் நான் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லாம போச்சு.

மீட்டிங் விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். ஹைஸ்கோப்னு அமெரிக்காவுல உருவான ஒரு மழலையர் கல்வி முறை இருக்கு, அதுல குழந்தைங்க என்ன பண்ணப் போறோம்னு மொதல்ல சொல்லிட்டு, அதப் பண்ணிட்டு, அப்புறம் திரும்ப அதப் பத்திப் பேசுவாங்க இல்லையா, பெரியவங்க மீட்டிங்குக்கும் அதே முறை அருமையா வேலை செய்யுது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அடுத்த மீட்டிங்ல மொதல் பேச்சே அது எப்படிப் போச்சுன்னுதான். சர்க்குலர் படிக்கறதெல்லாம் குரூப் மெசேஜுக்குப் போயிடுச்சு.

ரொம்ப கஷ்டமா இருந்தது என்னை விட அனுபவம் ஜாஸ்தி உள்ள டீச்சர்கிட்ட ஃபீட்பேக் சொல்றது. அப்போ மழலையர் கல்வி ஆய்வாளர் லிலியன் காட்ஸ் 1972ல எழுதினது எனக்குப் பெரிய உதவியா இருந்துச்சு. மழலையர் டீச்சர்ஸ் நாலு கட்டமா வளர்றாங்க, முதல் கட்டம் அன்னன்னைக்குத் தாக்குப்பிடிக்கறது, அப்புறம் நிலைப்படுறது, புதுசு தேடுறது, கடைசியா முதிர்ச்சின்னு அவங்க சொல்றாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவைப்படற உதவி வேற. புதுசா சேந்த டீச்சருக்கு வகுப்புக்குள்ளயே பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், ட்ரெயினிங் பிபிடி அவங்களுக்கு அந்த நேரத்துல பத்தாது. சீனியருக்கு அது வேண்டாம், அவங்களுக்குப் புதுசா ஒரு வேலை வேணும். அதனால சர்க்கிள் டைம, அதாவது பிள்ளைங்க வட்டமா உக்காந்து பேசற நேரத்த, எப்படி நடத்துறாங்கன்னு மத்தவங்க வந்து பாக்கலாமான்னு அவங்ககிட்டயே கேட்டேன், மனசார ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் அவங்களே என் கிளாஸ வந்து பாத்து எனக்கும் நோட் எழுதிக் கொடுத்தாங்க.

ஒண்ணு மட்டும் மேனேஜ்மென்ட்கிட்ட கண்டிப்பா கேட்டு வாங்குங்க, பிள்ளைங்க இல்லாத நேரமா வாரத்துல ஒரு அரை மணி நேரமாவது டீம் உக்காந்து பேச வேணும். நான் கேட்டப்போ உடனே தரல, கை கழுவற லைன் நோட்ட காட்டி, மாத்தினதுக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு நேர்லயே வந்து பாக்கச் சொன்ன பிறகுதான் கிடைச்சது.

இப்போ மீட்டிங்க ஆளுக்கு ஒரு வாரம் நடத்துறோம். அடுத்த முறை ஹெல்பர் அக்கா, பிள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பற நேரத்துல நடக்கற அழுகையப் பத்திப் பேசப் போறாங்க, அதுக்கு இப்பவே நோட் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.