ஒரு பியானோ, ஒரு குரல்

பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன மூச்சு. அது கேட்டதும் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டேன்.

ராட்கா டோனெஃப். ஆஸ்லோவில் பிறந்த ஜாஸ் பாடகி.

இவருடைய 'ஃபேரிடேல்ஸ்' ஆல்பம் முழுக்க ஒரு பியானோ, ஒரு குரல், அவ்வளவுதான். ஸ்டீவ் டோப்ரோகோஸ் தட்டிய சுரம் அடங்குகிற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ராட்கா ஆரம்பிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார்.

ஆல்பம் வந்தது 1982இல். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இறந்துபோனார்.

30 வயது. மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

2011இல் நார்வே இசைக்கலைஞர்கள் வாக்களித்து, தங்கள் நாட்டின் தலைசிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த மெல்லிய குரல் அவர்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

குழாயை மூடிவிட்டு, மறுபடி முதல் பாட்டிலிருந்து போட்டேன்.