ஒம்பதாவது கோழிக்கு யாரு பேர் போட்டது?

வவுனியாவுல சித்தப்பா மகளுக்கு கல்யாணம். பத்திரிகைய கையில வாங்கி, மஞ்சள் கூட விரல்ல ஒட்டி இருக்கு, அதுக்குள்ள மனைவி கேட்டது "அப்ப கோழிய யாரு பாப்பா?"

இங்க தேயிலைத் தோட்டத்துல எங்க வீட்ல கோழி எட்டு. ஏழு பெட்டை, ஒரு சேவல். 2023ல முட்டை வெல ஏறி ஏறி கடைசில இந்தியாவுலேர்ந்து முட்டைய கப்பல்ல எறக்கினாங்களே, அப்ப "இனி கடையில முட்டை வாங்குனா நான் மனுஷன் இல்ல"ன்னு சொல்லி ஆரம்பிச்ச வேல இது. இதுவரைக்கும் தீனிக்கு குடுத்த காசுக்கு எத்தன முட்டை வாங்கியிருக்கலாம்னு நான் கணக்குப் பாக்குறதில்ல, பாத்தா வீட்ல சண்ட வரும். சேவலுக்கு மக வச்ச பேரு மினிஸ்டர். விடியக்காலம் நாலு மணிக்கே சத்தம் போட ஆரம்பிச்சிரும், வேற ஒரு வேலையும் செய்யாது.

வியாழன் போய் ஞாயிறு ராத்திரி கெளம்பி வர்ற மாதிரி திட்டம். மொதல்ல பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கேட்டேன், "டேட்டா போட்டு விடுவீங்களா அங்கிள்"னான், போட்டு விட்டா போனத் தவிர எதையும் பாக்க மாட்டான்னு தெரிஞ்சி விட்டுட்டேன். அடுத்து என்னோட வேல செய்ற ஒரு கூட்டாளி. "நான் பாத்துக்கிறேன் மச்சான்"னு உடனே சொன்னான், ஆனா சொல்லும்போது அவன் கண்ணு மினிஸ்டரோட தொடையில இருந்திச்சி. மனைவி உள்ளேர்ந்தே வேணாம்னு தலைய ஆட்டுனா.

கடைசில மேல் லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, இருக்கிற பெரியம்மா. முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்தெடுத்து, ஈபிஎஃப்னு சேமலாப நிதிக் காச வாங்கி மகனுக்கு ஓட்டோ எடுத்துக் குடுத்துட்டு இப்ப வீட்ல சும்மா இருக்க முடியாம இருக்கிறவங்க. கேட்ட உடனே எழும்பி நின்னு "கைக்காசா, இல்ல பேரா தம்பி?"ன்னாங்க. தோட்டத்துல பேர்னா ஒரு நாள் சம்பளம், கைக்காசுன்னா எடுத்த கொழுந்துக்கு கிலோ கணக்குல குடுக்குற காசு.

"என்ன பெரியம்மா, நாலே நாள்தானே..."

"நாளைக்கு மூணு முட்டை. ஞாயித்துக்கெழம ஒண்ணரப் பேரு."

"மூணுக்கு ஒண்ணரன்னா நாலர முட்டை வருமே?"

"அஞ்சா போட்டுக்க. அரை முட்டைய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

தோட்டத்து ஆளுங்ககிட்ட சம்பளம் பேசி ஜெயிக்க முடியுமா, நாள் சம்பளம் ஆயிரம் ரூவாவுக்கே 2021 வரைக்கும் விடாம நின்ன ஆளுங்க. ஒத்துக்கிட்டேன்.

மனைவி ஒரு முழு தாள்ல எழுதி வச்சிருந்தா. காலைல தீனி மூணு சுண்டு, அந்திக்கு ரெண்டு, தண்ணிய நாளைக்கு ரெண்டு தடவ மாத்தணும், இருட்டுனா கோழிக்கு கண்ணு சரியாத் தெரியாது அதனால தானாவே கூட்டுக்குள்ள போயிரும், போன உடனே எண்ணிப் பாத்து கொக்கி போடணும், மரநாய் வரும், அதவிட சிறுத்தை வந்து லயத்து நாயையே தூக்கிட்டுப் போற ஊரு இது. பெரியம்மா தாள வாங்கி நாலா மடிச்சி அடுப்புக்கு மேல சொருகிட்டு "நீ போ மக"ன்னாங்க.

கண்டியில பஸ் மாறி, மாத்தளை தம்புள்ளைன்னு போயி எறங்குறதுக்குள்ள மூணு தடவ போன் அடிச்சிட்டோம். மூணு தடவையும் ஒரே பதில், "எட்டும் பிரட்டுக்கு வந்திருச்சி." பிரட்டுன்னா காலைல தோட்டத்து ஆளுங்கள எண்ணி வேலைக்கு அனுப்புற எடம்.

அடுத்த நாள் சித்தப்பா வீட்ல எல்லாரும் சுத்தி உக்காந்து பலகாரம் சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர்ல போட்டேன். "செவலைக்கு இன்னைக்கு அரைப்பேர்தான் தம்பி"ன்னாங்க. ஏன்னு கேட்டா, முட்டை இடவே இல்லையாம். மனைவிக்கு கோவம் வந்திருச்சி. "ஒரு முட்டை உருவாகவே ஒரு நாளைக்கு மேல எடுக்கும் பெரியம்மா, எல்லா நாளும் எப்புடி இடும்?"

"அப்ப ஓவர்டைம் செய்யச் சொல்லு."

இந்த இடத்துல சித்தப்பா சிரிக்க ஆரம்பிச்சாரு. 1977 இனக்கலவரத்துக்குப் பொறகு மலையிலேர்ந்து வவுனியா பக்கம் போய் குடியேறுன குடும்பம் அவங்களோடது, அப்ப அவரு சின்னப் பையன். எடுத்த கொழுந்து கிலோ கொறஞ்சிச்சின்னு அவங்க அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட அன்னைக்கு வீட்ல அடுப்பு எப்புடி எரிஞ்சிச்சின்னு எல்லாம் சொல்லிக்கிட்டே சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி ஓடுது, சித்தி முந்தானைய எடுத்துக் குடுக்குறா. அப்புறம் கல்யாணம் முடியிற வரைக்கும் வந்த ஆளுங்ககிட்ட எல்லாம் "அண்ணன் வீட்டுக் கோழிக்கு அரைப்பேராம்"னு சொல்லிக்கிட்டே திரிஞ்சாரு, மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் வெளங்கல.

சனிக்கெழம அந்தி, மண்டபத்துல பாட்டு காதப் பொளக்குது, போன் வருது. "தம்பி, ஒம்பது இருக்கு."

"என்னாது?"

"ஒம்பது! கோழி ஒம்பது!"

ஒண்ணு கொறஞ்சிச்சின்னா அழுகலாம், திட்டலாம். கூடுனா என்ன செய்றது? வீடியோ கோல் எடுத்தேன், பெரியம்மாவோட மூக்குத்தி மட்டும் முழு ஸ்கிரீன்ல தெரியுது. மனைவி பக்கத்துல நின்னு தேயிலைக்குள்ளேர்ந்து காட்டுக்கோழி ஏதாவது வந்திருக்குமோ, அது தேசியப் பறவையாச்சே, கூட்ல அடைச்சா நம்மள உள்ள போட்டுருவாங்களேன்னு பொலம்புறா. "காட்டுக்கோழி கால்ல செவப்பு நூலு கட்டிக்கிட்டா வரும்?"னு பெரியம்மா கேட்ட பொறகுதான் மூச்சே வந்திச்சி.

திங்கக்கெழம காலைல வீட்டு வாசல்ல பேக்க வைக்கல, கீழ் லயத்து அக்கா இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க கோழியாம். எப்புடி வந்திச்சின்னு எனக்கு கூட்டுக்குள்ள பாத்த ஒடனே தெரிஞ்சிச்சி, நாங்க வச்ச தீனியோட தேங்காய்ப் புண்ணாக்கு, ஊற வச்ச ரொட்டி, என்னென்னவோ கெடக்கு. நம்ம பெட்டைங்க நாலு நாள்ல கழுத்து தெரியாத அளவுக்கு ஊதிப்போயி நிக்குது. நான் "பா பா"ன்னு கூப்புட்டேன், ஒண்ணு திரும்பல. பெரியம்மா லேசா இருமுனாங்க, எட்டும் ஓடி வந்து வரிசையா நிக்குது. ஒம்பதும்.

அக்கா சண்டைக்கு வாயத் தொறக்க முன்னாடியே பெரியம்மா ஒரு முட்டைய எடுத்து அவங்க கையில வச்சி, "ரெண்டு நாள் இங்க வேல செஞ்சிச்சி, இது அதோட ஈபிஎஃப்"ன்னாங்க. அக்கா சிரிச்சிட்டாங்க, கோழிய அக்குள்ல இடுக்கிக்கிட்டு போனாங்க. பகல் சோத்துக்கு அது திரும்பி வந்திருச்சி, அது வேற கத.

பொறகு கணக்கு. கூட்டுச் சுவத்துல கரியால கோடு கோடா கிழிச்சி வச்சிருக்காங்க, தோட்டத்துல பேர் போடுற பதிவு மாதிரியே அசல் செக்ரோல். அந்த ஈபிஎஃப் முட்டை போக இருபத்தொண்ணு. அவங்க கூலி பதினாலு. மிச்சம் ஏழு இருக்கணும், கூடையில அஞ்சுதான் கெடக்கு.

"ரெண்டு கொறையுதே பெரியம்மா?"

"சந்தா பிடிச்சிருக்கேன்."

"சந்தாவா? எந்தத் தொழிற்சங்கத்துக்கு?"

பெரியம்மா வெத்தலைய மென்னுக்கிட்டே கூரை மேல நின்னு கத்திக்கிட்டு இருந்த மினிஸ்டரக் காட்டி, "தலைவரு அந்தா நிக்கிறாரு, கேட்டுக்க"ன்னாங்க.